அந்தப் படிவத்தை மூன்று வாரம் தள்ளி வையுங்கள்

எங்கள் பகுதிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுத்து அனுப்புகிறீர்கள். வாய்ப்பாட்டு, கீபோர்டு, வயலின், மிருதங்கம், கிடார் என்று வரிசையாக இருக்கும். ஒன்றில் டிக் போட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கி, மறுநாள் காலை வகுப்பாசிரியரிடம் தர வேண்டும். அந்த ஒரு டிக்தான் அடுத்த நாலைந்து வருஷத்துக்கு அந்தப் பிள்ளையின் சங்கீதம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்க அவ்வளவுதான். அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கும்பகோணம் பக்கம் மூன்று பள்ளிகளில் முறை வைத்துப் போய் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்று அரசு உதவிபெறும் பள்ளி, மற்ற இரண்டும் மெட்ரிக். சாயங்காலம் வீட்டிலும் வகுப்பு உண்டு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன்: "ஏம்ப்பா வயலின் எடுத்தே?" சொல்கிற பதிலை ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பேன். ஆராய்ச்சி எல்லாம் ஒன்றும் இல்லை, பொழுதுபோக்காக ஆரம்பித்த பழக்கம். போன மாதம் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். படித்து முடித்ததும் தூக்கம் வரவில்லை.

சில பதில்களை அப்படியே தருகிறேன்.

"அக்கா பாதியில விட்டுட்டா சார், வயலின் வீட்ல சும்மா கெடக்கு."

"மிருதங்கம் கிளாஸ்ல எடம் இல்லைன்னுட்டாங்க."

"அந்தப் பீரியட்ல மேத்ஸ் வருது."

"அம்மா டிக் பண்ணாங்க."

"கீபோர்டுதான் கேட்டேன். அப்பா இந்த வருஷம் வேணாம்னார்."

"ஹரிணி சேர்ந்தா, நானும் சேர்ந்தேன்."

"தெரியல சார்."

வயலின் சத்தம் பிடித்திருந்தது என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் பதினொரு பேர். அதிலும் நான்கு பேர் சினிமாவில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு வந்தார்களே, அதுவே பெரிது.

இந்தப் பதில்களைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றும் நியாயமானதுதான். புல்லாங்குழல் எடுத்த ஒரு பையனிடம் அவனுடைய வாத்தியார் இதே கேள்வியைக் கேட்டதற்கு, "பையிலேயே போயிடும் சார்" என்றானாம். அவன் வருவது டவுன் பஸ்ஸில். காலை எட்டு மணி பஸ்ஸில் புத்தகப் பையோடு ஒரு மிருதங்கத்தையும் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். பக்கத்தில் நிற்பவர் முட்டியில் இடிக்கும். மழை வந்தால் தோல் நமத்துப்போகும். வீணையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்கூட்டர் உள்ள அப்பாவும், நேரம் உள்ள அம்மாவும் இருந்தால்தான் வீணை. பதினோரு வயதுப் பையன் பஸ்ஸைக் கணக்குப் போட்டு வாத்தியம் எடுக்கிறான் என்றால் அவன் புத்திசாலி. ஆனால் அந்த முடிவை எடுத்தது அவன் காது இல்லை, நம்ம ஊர் எட்டு மணி பஸ்.

கீபோர்டு ஏன் இப்படி நிரம்பி வழிகிறது என்று மற்ற வாத்தியார்கள் புலம்புவார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் கிடையாது. கீபோர்டில் விரல் வைத்த முதல் நொடியே ஸ்வரம் சுத்தமாகக் கேட்கும். ஒரு வாரத்தில் பிறந்தநாள் பாட்டு வந்துவிடும், மாமா வந்தால் வாசித்துக் காட்டலாம். வயலினில் முதல் ஆறு மாதம் கதவுக் கீல் சத்தம்தான். வில்லை நேராக இழுக்கவே மூன்று மாதம் போகும். நாதஸ்வரத்தில் வாய்ப்பக்கம் சொருகும் நாணல் துண்டான சீவாளியைக் கடித்துக்கொண்டு ஊதினால் பல நாளைக்குக் காற்றுதான் வரும், சத்தம் வராது. அப்புறம், கீபோர்டில் கிரேடு பரீட்சை இருக்கிறது, லண்டன் பெயர் போட்ட சான்றிதழ் வரும், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் வராதே என்று நான் சொன்னால் எந்த அம்மா காதில் ஏறும்? 2019இல் லிடியன் நாதஸ்வரம் என்கிற சென்னைப் பையன் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து முதல் பரிசு வாங்கினான். அந்த வருஷம் ஜூனில் எங்கள் பள்ளிகளில் கீபோர்டுக்கு இரண்டு பிரிவு போட வேண்டியதாயிற்று. பெயரிலேயே நாதஸ்வரத்தை வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு எல்லோரும் கீபோர்டு வாங்கினார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் மாதிரி ஆகிவிடும். நான் இடக்கைக்காரன். பத்து வயதில் எனக்கு மிருதங்கத்தின் மேல்தான் ஆசை. கோயில் கச்சேரியில் வாசிப்பவரின் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாத்தியாரிடம் விட்டார்கள். அவர் என்னைத் தொடையில் தட்டச் சொன்னார். தட்டினேன். எந்தக் கை முன்னால் வருகிறது என்று பார்த்துவிட்டு, "இடக்கையா? மேடையில எந்தப் பக்கம் உக்காருவே? வயலினுக்குக் கொண்டு போங்க, அதுல இடது கைக்குத்தான் வேலை" என்று அனுப்பிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மிருதங்கத்தில் பழனி பாணி என்று ஒன்றையே உண்டாக்கியவர். அவருக்கும் இதே சங்கடம் இருந்திருக்கிறது. அவர் உட்கார்ந்தால் மேடையில் மற்றவர்கள் இடம் மாற வேண்டும், அதனாலேயே அவரை வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் மாதிரிப் பெரியவர்கள் கூட நின்றதால் நமக்கு ஒரு பழனி கிடைத்தார். அவர் பெயரை அந்த வாத்தியார் அன்றைக்கு ஒருமுறை சொல்லியிருந்தால் போதும், நான் வீட்டில் அழுது அடம் பிடித்திருப்பேன். வயலின் எனக்குச் சோறு போடுகிறது, அதன் மேல் வருத்தம் இல்லை. ஆனால் "ஏன் வயலின் எடுத்தீர்கள்?" என்று என்னைக் கேட்டால், டைரியில் இருக்கும் பிள்ளைகளைவிட நல்ல பதில் என்னிடமும் கிடையாது.

இனி, நீங்கள் பார்த்தும் பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படிவங்களை வகுப்புவாரியாகப் பிரித்து அடுக்குங்கள். மிருதங்கத்தில் பையன்கள். வாய்ப்பாட்டில் பெண் பிள்ளைகள். வீணை இருக்கும் பள்ளியில் வீணை முழுக்கப் பெண் பிள்ளைகள். வயலின் மட்டும் கலந்து இருக்கும். யாரும் சட்டம் போடவில்லை, தானாக நடக்கிறது என்பீர்கள். உங்கள் அலுவலக அறையில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பாருங்கள். சரஸ்வதி மடியில் வீணை, கிருஷ்ணன் கையில் குழல், நந்திக்கு மத்தளம். பிள்ளைகள் கோடு போடப் பழகும் முன்பே இந்தப் படங்களைப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் இல்லை. 1978இல் அமெரிக்காவில் ஏபிலஸ், போர்ட்டர் என்று இரண்டு பேர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அங்கே குழலும் வயலினும் கிளாரினெட்டும் பெண் பிள்ளைகளுக்கு, டிரம்மும் டிராம்போனும் டிரம்பெட்டும் பையன்களுக்கு என்று பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றுபோல நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது குழல்தான். அங்கே அது பெண் பிள்ளை வாத்தியம், இங்கே கிருஷ்ணன் கை வாத்தியம். இரண்டு இடத்திலும் ஊதுகிற காற்று ஒன்றுதான். நம் ஊரிலேயே சிக்கில் சகோதரிகள், குஞ்சுமணியும் நீலாவும், குழலில் கொடி கட்டிப் பறந்தார்கள். ஆண்கள் வீணை வாசித்ததற்கு எஸ். பாலசந்தரும் சிட்டிபாபுவும் போதாதா? ஆனால் ஆறாம் வகுப்புப் பையனுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது காலண்டர்.

எங்கள் பள்ளி ஒன்றில் ஒரு பெண் மிருதங்கத்தில் டிக் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அவள் பாட்டி வந்து மாற்றிவிட்டுப் போனார். காரணம் கேட்டேன். "பொம்பளப் புள்ள காலை மடக்கி உக்காந்து அடிக்கிறது நல்லாவா இருக்கும்? கையெல்லாம் காய்ச்சுப் போயிடும்" என்றார். காய்க்கும்தான். எனக்கும் இடது கை விரல் நுனி நாலும் காய்த்துப் போய்த்தான் இருக்கிறது. வயலின் எடுத்த எந்தப் பெண்ணின் பாட்டியும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் சிறுமியாகச் சென்னையில் ஹரிஹர சர்மா நடத்திய பள்ளிக்குப் போனது வயலின் கற்றுக்கொள்ள. அதே இடத்தில் மிருதங்க வகுப்பும் நடந்தது. காதில் விழுந்ததில் மனசு அங்கே போய்விட்டது. வயலினிலிருந்து மிருதங்கத்துக்கு வந்து, அங்கிருந்து கடத்துக்குப் போனார். ஒரு பெண்ணுக்குக் கடம் கஷ்டம் என்று கட வித்வான் விக்கு விநாயகராமே தயங்கியபோது, விக்குவின் அப்பா ஹரிஹர சர்மாதான் நான் சொல்லித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சுகன்யாவின் தைரியம்கூட இல்லை. அந்தக் கட்டடத்தில் வயலினும் மிருதங்கமும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. சேர்ந்த பிறகு மாறிக்கொள்ளவும் விட்டார்கள். நம் பள்ளிகளில் படிவம் கொடுத்த பிறகு மாற்ற வேண்டுமானால் முதல்வரிடம் கடிதம் எழுத வேண்டும், அதுவும் ஜூலை 15க்குள்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு.

உங்கள் படிவத்தில் நாதஸ்வரம் கிடையாது. தவில் கிடையாது. பறை கிடையாது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிற ஊர், 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தச் சாலையில் தினமும் பள்ளி வேனில் போய்வருகிற பிள்ளை நாதஸ்வரத்தைக் கையில் தொட்டதில்லை. கல்யாணத்தில் தூரத்திலிருந்து கேட்டிருக்கும், கெட்டிமேளம் முடிந்ததும் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடியிருக்கும். பத்து மைல் சுற்றளவில் ஒருவர்கூடச் செய்யாத கிடார் உங்கள் படிவத்தில் இருக்கிறது. கிடார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பது ஏன் இல்லை என்று கேட்கிறேன்.

கேட்டால், "யாரும் சேர மாட்டாங்க சார்" என்பீர்கள். உண்மைதான், ஏன் சேர மாட்டார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இந்த வாத்தியங்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாதிப் பெயர் எழுதியிருக்கிறது. நாதஸ்வரம் வாசித்தால் "மேளக்காரன்" என்பார்கள். பறை எடுத்தால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். என் வயலின் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், தாத்தா பேர் போன தவில் வித்வான். வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டு இடது கையில் குச்சியோடு அவர் உட்கார்ந்தால் நான்கு தெருவுக்குக் கேட்கும். இந்தப் பையன் வயலின் பெட்டியின் மேலேயே தாளம் போட்டுக்கொண்டிருப்பான், அதுவும் தப்பாத தாளம். தவில் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று அவன் அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "எங்க அப்பா வாசிச்ச கோயில்ல அவரை உள்ள உக்காரவச்சு சாப்பாடு போட்டதில்ல சார். இவன் வயலினோட எந்த வீட்டு ஹால்லயும் உக்காரலாம்." பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் வயலினையும் விட்டுவிட்டான்.

பறையில் இதைவிடச் சிக்கல். இப்போது சென்னையிலும் கோவையிலும் ஐடி கம்பெனிப் பிள்ளைகள் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பறை கற்றுக்கொள்கிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் எங்கள் அரசு உதவிபெறும் பள்ளியில், அப்பா பறையடித்துப் பிழைத்த வீட்டிலிருந்து வரும் ஒரு அம்மா என்னிடம் வந்து, "கலைத் திருவிழாவுக்கு இவனைப் பறைக்குப் போடாதீங்க சார், ஆட்டம் பாட்டம் எதுல வேணாலும் போடுங்க" என்று கேட்டுக்கொண்டார். பெருமை என்று நாம் சொல்வதை அவர் சாவு வீட்டு வாசலில் நின்று பார்த்தவர். அவர் சொன்னது சரி. அவர் மகனைப் பறைக்குப் போடச் சொல்லி வற்புறுத்த நான் யார்? ஆனால் பறை படிவத்தில் இருந்து, டாக்டர் மகளும் மளிகைக் கடைக்காரர் மகனும் அதில் டிக் போட்டு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அடித்தால், அந்த அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வேண்டும் என்று சொல்லவும் இடம் கிடைக்கும். இப்போது அவருக்கு வேண்டாம் என்று சொல்ல மட்டும்தான் இடம் இருக்கிறது.

அரசாங்கமே அறியாமல் செய்கிற ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. மூன்று வருஷப் படிப்பு, கட்டணமும் சொற்பம். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தச் சேர்க்கை அறிவிப்பை எடுத்துப் படித்தால் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று இருக்கும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பரம்பரையாக வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருந்தாலும் உள்ளே வர வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தில் வைத்த விதியாகத்தான் இருக்கும். ஆனால் அறிவிப்பைப் படிக்கும் ஒரு அப்பா என்ன புரிந்துகொள்வார்? படிக்கிற பிள்ளைக்கு வயலின், படிக்காத பிள்ளைக்குத் தவில். நாட்டிலேயே கணக்கு மிகக் கடினமான தாள வாத்தியத்துக்கு இப்படி ஒரு பெயர்.

பெண் பிள்ளை நாதஸ்வரம் எடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி பெயரைச் சொல்லுங்கள். அது பழைய கதை என்றால், கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு சேர்ந்து வாசிக்கும் காலீஷாபீ மெஹபூப்பைச் சொல்லுங்கள். 2020இல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கோயில் வாத்தியம் என்று நாம் வேலி போட்டு வைத்திருப்பதை ஒரு முஸ்லிம் தம்பதி கீர்த்தனைகளோடு ஊதிக்கொண்டிருக்கிறார்கள். வேலி எல்லாம் நம் தலைக்குள்தான்.

பள்ளி பேண்டு வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, அதிகம் வேண்டாம். உயரமான பையனுக்குப் பெரிய டிரம், குட்டைப் பையனுக்கு ஜால்ரா, சிவப்பான பெண்ணுக்குக் கையில் கோலைக் கொடுத்து முன்னால் நிறுத்துவது. சுதந்திர தினத்துக்கு ஒரு மாதம் முன்னால் விளையாட்டு ஆசிரியர் இஞ்ச் டேப்போடு வாத்தியம் பிரித்துக் கொடுப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான். படிவத்தை மூன்று வாரம் தள்ளி வையுங்கள். ஜூன் கடைசியில் கொடுங்கள். அதற்கு முன் வரும் மூன்று சனிக்கிழமை காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லா வாத்தியமும் கேட்கவும் தொடவும் கிடைக்கட்டும். கேட்பதைவிடத் தொடுவது முக்கியம். மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, சிறப்பு விருந்தினரை வரவழைத்து, பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்துச் செய்ய வேண்டாம். ஒரு வகுப்பறையில் பாய் விரித்தால் போதும். ஒரு வாத்தியத்துக்கு ஒரு மூலை. பத்துப் பத்துப் பிள்ளைகளாக உள்ளே வரட்டும், வில்லை இழுத்துப் பார்க்கட்டும், மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் தட்டிப் பார்க்கட்டும், குழலில் காற்று மட்டும் வந்து சிரிக்கட்டும். குழல், நாதஸ்வரம் மாதிரி வாயில் வைக்கிற வாத்தியத்துக்குத் துடைக்க ஒரு துணியும் தண்ணீரும் வேண்டும். நாதஸ்வரத்துக்கு நான்கைந்து சீவாளி தனியாக வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

தொட்டால் என்ன நடக்கும் என்று கேட்கிறீர்களா? கத்ரி கோபால்நாத்தின் அப்பா நாதஸ்வர வித்வான். பையனும் அதையே வாசித்துக்கொண்டு இருந்திருக்கலாம். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் சத்தத்தைக் கேட்டார், இதுதான் எனக்கு என்று முடிவெடுத்தார், பல வருஷம் போராடி அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்தார். உ. ஸ்ரீநிவாஸ் சின்ன வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்து மீட்டியதில் தொடங்கியதுதான் எல்லாம். இவ்வளவு ஏன், நான் கையில் வைத்திருக்கும் வயலினே அப்படி வந்ததுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதை முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் கேட்டது. தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு அந்தப் பிடில் பிடித்துப்போனது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார் குடும்பம் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை ஏற்பாடு செய்து கொடுத்தது, மூன்று வருஷம் கற்றுக்கொண்டார். கேட்க வாய்ப்பும், கற்றுக்கொள்ள ஏற்பாடும் சேர்ந்து அமைந்தன. அன்றைக்கு யாராவது "உன் வீட்டில் வீணைதானே வழக்கம்" என்று ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். பணம் இல்லை. எல்லா வாத்தியமும் வாங்கச் சொல்லவில்லை, மூன்று காலைப் பொழுதுக்கு இரவல் கேட்டால் எங்கள் ஊரில் கொடுப்பார்கள். கோயில் மேளக்காரரிடம் போய் மரியாதையாகக் கேட்டுக் கூட்டிவாருங்கள். அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுங்கள், பஸ் காசும் கொடுங்கள். ஸ்டாஃப் ரூமில் உங்களோடு உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

சத்தம் வரும், பாடம் கெடும் என்பீர்கள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதானே. சத்தம் வரும், வரட்டும்.

ஏற்கெனவே பள்ளியில் இருக்கும் வாத்தியங்கள் பற்றி: உங்களில் பல பேரிடம் பூட்டிய பீரோ ஒன்று இருக்கிறது. நன்கொடையாக வந்த இரண்டு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு ஹார்மோனியம். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு பள்ளியில் அப்படித் திறந்து பார்த்ததில் மிருதங்கத்தின் வாரை எலி கடித்திருந்தது, வயலினில் தந்தியைத் தாங்கும் குதிரை எங்கேயோ விழுந்து கிடந்தது. பூட்டி வைத்தால் வாத்தியம் பத்திரமாக இருக்கும் என்று எலியிடம் சொல்லிப் பாருங்கள். முழு அளவு வயலின் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தோளுக்குப் பெரிது என்பதையும் நினைவில் வையுங்கள். அரை, முக்கால் அளவுகள் கடையில் கிடைக்கின்றன. இனி யாராவது நன்கொடை தருகிறேன் என்றால் அதைக் கேளுங்கள். கைக்கு எட்டாமல் விட்ட பிள்ளைகளை எல்லாம் "இன்ட்ரஸ்ட் இல்லை" என்று நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு. படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி விடுங்கள்: "எனக்கு ஏன் இது பிடித்தது?" பிள்ளை தன் கையெழுத்தில் எழுதட்டும். "மேத்ஸ் பீரியட்" என்று எழுதினாலும் சரி, நமக்கு ஒரு விஷயம் தெரியும். அப்புறம், காலாண்டுத் தேர்வு வரை யார் வேண்டுமானாலும் வாத்தியம் மாறலாம் என்று வைத்துவிடுங்கள். என் வகுப்பிலிருந்து நாலு பேர் போவார்கள். போகட்டும். ஜூனில் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர் மிஞ்சுவதற்கு, செப்டம்பரிலேயே நாலு பேர் தவில் பக்கம் போவது எவ்வளவோ தேவலை.

அந்த மூன்று சனிக்கிழமைக்கும் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். வயலின் மூலைக்கு என்னுடைய பழைய வயலினையே கொண்டுவருவேன். பிள்ளைகள் இழுத்துத் தேய்த்தால் ஒன்றும் ஆகிவிடாது, நாற்பது வருஷம் அடி வாங்கிய மரம் அது. தந்தியை முறுக்கும் மூன்றாவது பிரடை மட்டும் வழுக்கும், கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவினால் நிற்கும். சாக்பீஸ் உங்களிடம் இருக்குமே.

இப்படிக்கு,
கும்பகோணத்து வயலின் வாத்தியார் ஒருவர்